பார்வைக்குச் செய்த பன்னிரண்டு குழல்கள்

அண்ணே,

இன்று காலை எதிர்வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு ஒட்டுப் போட ஆள் வந்திருந்தார். அவர் ரெசின் கலக்கிய வாசனை தெருவைத் தாண்டி என் பட்டறைக்குள் வந்தது. லேத்தில் கட்டில் கால் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தேன். நீங்கள்தான் வந்துவிட்டீர்கள் என்று நினைத்ததாகச் சொன்னால் அது பொய். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் அந்த வாசனை வந்தால் மோட்டாரை நிறுத்துவது என் கைக்குப் பழக்கம். வந்தவுடன் ஏதாவது ஒரு குழலை எடுத்து ஊதுவீர்கள். "மோட்டார் ஓடுனா சுருதி கேக்காதும்மா" என்பீர்கள்.

நிறுத்தியதுதான் நிறுத்தினோம், நாலு வரி எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் பூதலூருக்கு வந்தது அண்ணியைக் கட்டிக்கொண்டுதான். வேளாங்கண்ணிக்குத் தெற்கே கடலோரத்தில் பிறந்து, ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர், இங்கே வந்து தண்ணீர்த் தொட்டிகளுக்கும் குளியலறைக் கதவுகளுக்கும் ஒட்டுப் போட ஆரம்பித்தீர்கள். "அங்க ஒட்டு விட்டுச்சுன்னா ஆளு போயிரும். இங்க விட்டுச்சுன்னா தண்ணி சொட்டும், திட்டுவாங்க. அவ்வளவுதான்" என்று சொல்வீர்கள். நான் அப்போதுதான் துவாக்குடியில் இரும்பு லேத்தில் எட்டு வருஷம் நின்றுவிட்டு, சொந்தமாக மரக் கடைசல் போட்டிருந்தேன். நடவுக்கும் அறுப்புக்கும் போன அப்பா அம்மா என்னை டிப்ளமா மெக்கானிக்கல் படிக்க வைத்தார்கள். பொம்பளை கடைசல் பிடிக்கிறாளே என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நிறையப் பேர். பக்கத்துத் தகரக் கொட்டகையிலிருந்து வந்த நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. மெஷினைப் பார்த்தீர்கள்.

"இதுல நீளவாக்குல ஓட்டை போட முடியுமா தங்கச்சி?"

"எவ்வளவு நீளம்ண்ணே?"

கையில் இருந்த மூங்கில் குழலை நீட்டினீர்கள். வெயிலுக்கு வெடித்து, ரெசின் வைத்து ஒட்டி, மறுபடி வெடித்த குழல். கரையில் வலை காயப்போடும் இடத்தில் உட்கார்ந்து நீங்களாக ஊதிப் பழகி, பிறகு நாகப்பட்டினத்தில் ஒருவரிடம் நாலு வருஷம் முறையாகக் கற்றது என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு உங்களுக்கு வேண்டியதெல்லாம் வெடிக்காத குழல் ஒன்று.

அந்த முதல் குழலை ரோஸ்வுட் துண்டு ஒன்றில் கடைந்தேன். மூன்று நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெழுகு பூசி, முகம் தெரிகிற மாதிரி மினுக்கிக் கொடுத்தேன். நீங்கள் அதன் மினுக்கைப் பார்க்கவே இல்லை. அடிப்பக்கத்தில் சுண்டுவிரலை விட்டுச் சுற்றினீர்கள்.

"உள்ள மணலாட்டம் இருக்கே. வெளிய தேச்ச நேரத்துல பாதி உள்ள தேச்சிருக்கலாம்."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் நீங்கள் சொன்னது சரி. உள்ளே வழவழப்பாக்கிக் கொடுத்த பிறகு அந்தக் குழல் வேறு மாதிரி பேசியது. அதிலிருந்து நான் கடைவது, நீங்கள் துளைகளைக் கூட்டிக் குறைத்துச் சுருதி சேர்ப்பது என்று ஆகிவிட்டது. கட்டில் கால், தொட்டில் கம்பு வேலைகளுக்கு நடுவே மாதம் இரண்டு மூன்று குழல். அடியில் சின்னதாக இரண்டு கோடு போடுவோம். ஒன்று எனக்கு, ஒன்று உங்களுக்கு.

அழகா நாதமா என்ற சண்டை அப்போதே தொடங்கிவிட்டது. ரோஸ்வுட்டின் நாதம் வேறு மரத்துக்கு வராது என்று நான் சாதித்தேன். ஒருநாள் மத்தியானம் ரோஸ்வுட், தேக்கு, வேம்பு மூன்றிலும் ஒவ்வொரு குழலை எடுத்துக்கொண்டு தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனீர்கள். ஒரே வரியை மூன்று தடவை ஊதிவிட்டு, எது எது என்று கேட்டீர்கள்.

"ரெண்டாவதுதான் ரோஸ்வுட். அதுலதான் கனம் இருக்கு" என்றேன்.

"மூணாவது?"

"அது வேம்பு. கொஞ்சம் வறட்டுத்தனமா இருக்கு."

வெளியே வந்து வேம்பை மட்டும் நீட்டினீர்கள். "மூணு தடவையும் இதைத்தாம்மா ஊதுனேன். ஓட்டையும் கனமும் ஒண்ணா இருந்தா எந்த மரமா இருந்தா என்ன? உன் காதுல ஒண்ணும் கோளாறு இல்ல. அதுக்கு முன்னாடி உன் கண்ணு போயி உக்காந்துக்குது."

இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானாகவே டீ வாங்கிக்கொண்டு வந்தேன்.

இவ்வளவும் எழுதியதே அடுத்ததை எழுதத்தான். உங்களிடம் அதைப் பற்றி நான் முழுசாகப் பேசியதே இல்லை.

உங்கள் அம்மா இறந்து, காரியத்துக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் தங்கிவிட்டீர்களே, அந்த மாதம் தஞ்சாவூரிலிருந்து கைவினைப் பொருள் கடைக்காரர் ஒருவர் வந்தார். அலமாரியில் இருந்த குழல்களைப் பார்த்துவிட்டு, கறுப்பாகப் பன்னிரண்டு வேண்டும், இரண்டு பக்கமும் பித்தளைப் பூண் வேண்டும் என்றார். ஊரெல்லாம் கருங்காலி கருங்காலி என்று அலைகிற நேரம் அது.

"சுருதி சேர்க்கிற அண்ணன் ஊர்ல இல்லீங்களே" என்றேன்.

"சுருதியெல்லாம் எதுக்குங்க? பார்வைக்குத்தான். சுவத்துல மாட்டிக்குவாங்க."

வாய்க்கால் கரையில் சாய்ந்து கிடந்த பூவரசு மரத்தில் கொஞ்சம் அறுத்து வைத்திருந்தேன். அதைக் கடைந்து, ஒரே அளவு அட்டையை வைத்துக் குறித்துப் பன்னிரண்டிலும் துளை போட்டேன். ஒன்றைக்கூட ஊதிப் பார்க்கவில்லை. எனக்கு ஊதவும் தெரியாது. ஆனால் கறுப்புச் சாயத்தை ஐந்து கை பூசினேன். பூணை நானே தட்டினேன். வரிசையாக வைத்துப் பார்த்தபோது, அண்ணே, என் வேலையிலேயே இவ்வளவு அழகாக எதுவும் வந்ததில்லை என்று தோன்றியது. அடியில் இரண்டு கோடும் போட்டேன். கைப் பழக்கத்தில் போட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பழக்கம் இல்லை. இரண்டு கோடு இருந்தால்தான் அது எங்கள் குழல் மாதிரி இருந்தது.

நீங்கள் திரும்பி வந்தபோது அதை உங்களிடம் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். கேட்க உங்களுக்கு என்ன தெரியும்?

எட்டு மாதம் கழித்து அந்த அம்மா வந்தார். திருப்பனந்தாள் பக்கம் ஒரு தபால் ஆபீசில் வேலை. மகளைச் சென்னைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு வீட்டில் தனியாக இருந்தவர். நம்மைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். ரயிலில் வந்து இறங்கி, விசாரித்து விசாரித்துப் பட்டறைக்கு வந்திருந்தார். பையிலிருந்து ஒரு பட்டுத்துணியை எடுத்துப் பிரித்தார். உள்ளே என் கறுப்புக் குழல். நீங்கள் என் ஸ்டூலில் உட்கார்ந்து வேறொரு குழலுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"ஃபோன்ல ஒரு வாத்தியார்கிட்ட படிக்கிறேங்க. எனக்குக் காந்தாரம் நிக்கவே மாட்டேங்குது. விரலை அழுத்தி மூடுங்கன்னார், மூடுறேன். மூச்சைக் குறைங்கன்னார், குறைக்கிறேன். உங்களுக்குச் சுருதி ஞானம் கம்மி, பொறுமையாத்தான் வரும்னு சொல்லிட்டார். விட்டுடலாம்னு பார்த்தேன். செஞ்சவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு விடுவோம்னு வந்தேன். இதை எப்படிப் பிடிக்கணும்னு கொஞ்சம் சொல்லித் தாங்களேன்."

நீங்கள் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு குழலை வாங்கினீர்கள். முதலில் ஒவ்வொரு சுரமாக மெதுவாக. பிறகு இன்னொரு தடவை. காந்தாரம் வந்தபோது உங்கள் புருவம் சுருங்கியதை நான் பார்த்தேன். மத்திமமும் சரியில்லை. குழலைத் திருப்பினீர்கள். அடியில் இரண்டு கோடு இருந்தது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தீர்கள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். ஏதோ ஒரு கணக்கை மனசுக்குள் சரிபார்க்கிற மாதிரி இருந்தது. நான் லேத்தின் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த அம்மாவிடம் திரும்பினீர்கள். "உங்க காதுல தப்பு இல்லம்மா. கைலயும் இல்ல. தப்பு எங்க வேலைல."

எங்க வேலை. செய்யாத தப்பை நீங்கள் தலையில் எடுத்துக்கொண்ட அந்த ஒரு சொல்லை என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணன் செய்யலீங்க. அவருக்கு இது தெரியவே தெரியாது. நான் செஞ்சது. பார்வைக்குன்னு செஞ்சது" என்றேன்.

அந்த அம்மா பட்டுத்துணியை மடித்தார். "எட்டு மாசங்க" என்றார். "எட்டு மாசமா என்னையேதான் திட்டிக்கிட்டிருந்தேன்."

நீங்கள் அலமாரியிலிருந்து ஒரு தேக்குக் குழலை எடுத்துக் கொடுத்தீர்கள். சாயம் இல்லை, பூண் இல்லை. அவர் தயங்கித் தயங்கி வாயில் வைத்து ஊதினார். காந்தாரம் வந்து நின்றது. திரும்ப ஊதினார். மறுபடியும் நின்றது. முந்தானையால் வாயைத் துடைத்தவர் அப்படியே கண்ணையும் துடைத்துக்கொண்டார். வேலை முடிந்தது என்று நாம் இருவருமே நினைத்தோம். அப்போதுதான் அவர் கேட்டார்.

"இதே மாதிரி பேசுறது, பார்க்க அது மாதிரி இருக்காதாங்க?"

"பேச்சுதானம்மா முக்கியம். பார்வைல என்ன இருக்கு?" என்றீர்கள்.

"நான் குழல் கத்துக்கணும்னு அந்தக் கடைக்குப் போகலீங்க. பொண்ணுக்கு ஒரு பெட்டி வாங்கப் போனேன். கண்ணாடிக்குள்ள இது இருந்துச்சு. இவ்வளவு அழகா ஒண்ணு இருக்கே, இதை ஊதுனா எப்படி இருக்கும்னு தோணுச்சு. அதான் வாங்குனேன், அதான் வாத்தியாரையும் தேடுனேன். தினமும் இதை எடுத்துத் துடைக்கும்போதுதான் இன்னைக்கும் உக்காருவோம்னு வரும். நான் குத்தம் சொல்ல வரல. எனக்கு இதுதான் வேணும். இதைப் பேச வைக்க முடியுமா?"

நீங்கள் அந்தக் கறுப்புக் குழலை ஒரு கைக்கும் மறு கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தீர்கள். அதன் மினுக்கை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தீர்கள் என்று நினைக்கிறேன். "ஒரு மாசம் குடுங்கம்மா" என்றீர்கள்.

அவரை ரயிலேற்றிவிட்டு வந்து என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னீர்கள். "சுவத்துல மாட்டுறதுக்குன்னு செஞ்சேங்குற. ஓட்டைய போட்டுட்டா எவனாவது ஊதத்தாம்மா செய்வான்."

அதன் பிறகு ஒன்பது நாள் பட்டறைக்கு வரவில்லை. பக்கத்துக் கொட்டகையில் நீங்கள் ஃபைபர் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்கும். நான் தினமும் இரண்டு டீ வாங்கி வைத்தேன். இரண்டையும் நானே குடித்தேன். பத்தாம் நாள் ரெசின் டப்பாவோடு வந்து நின்றீர்கள்.

"மத்ததெல்லாம் எங்க?"

இருவரும் பஸ் ஏறித் தஞ்சாவூர் போனோம். கடையில் ஏழு குழல்கள் மிச்சம் இருந்தன. திரும்ப வாங்கிக்கொண்டோம். நாலு குழல் யார் யாரிடமோ போய்விட்டது. யார் வாங்கினார்கள் என்று கடைக்காரருக்கு நினைவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "நாலு வீட்டுல நாலு பேரு தனக்கு வரலைன்னு நெனச்சுக்கிட்டிருப்பாங்க" என்றீர்கள். அந்த நாலு குழல் இன்றுவரை கிடைக்கவில்லை. யாராவது கொண்டுவந்தால் சரிசெய்து தருகிறேன் என்று பட்டறை வாசலில் எழுதிப் போட்டிருக்கிறேன். யாரும் வந்ததில்லை.

எட்டு குழல்களையும் வைத்துக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்தோம். பூவரசுத் தூளை ரெசினில் குழைத்துத் தவறான துளைகளை அடைத்தீர்கள். காய்ந்ததும் வேறு இடம் குறித்தீர்கள், நான் துளைத்தேன். ஊதினீர்கள், அரம் போட்டீர்கள், மறுபடி ஊதினீர்கள். ஒட்டுப் போட்ட இடம் தழும்பு மாதிரி தெரிந்தது. முன்பென்றால் அதோடு விட்டிருப்பீர்கள். இந்தத் தடவை நீங்களே, "இத மறைக்க முடியுமா? அந்தம்மா தொடைக்கும்போது உறுத்தும்" என்றீர்கள். நான் இழைத்து, சாயமேற்றி, மெழுகு பூசினேன். எங்கே ஒட்டு என்று எனக்கே தெரியாமல் போனது.

அவர் வந்து வாங்கிக்கொண்டு போன அன்றைக்கு, "அந்தம்மா சொன்னதும் சரிதான். கண்ணு கூப்புட்டாத்தான் கை போவுது. போன கைய ஏமாத்தக் கூடாது, அவ்வளவுதான்" என்றீர்கள். அந்தச் சண்டையில் நீங்கள் விட்டுக்கொடுத்தது அந்த அளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. மற்ற ஏழு குழல்களையும் பூவரசு, சாயம் போட்டது என்று சொல்லியே விற்றோம். அந்த அம்மா இன்னும் ஃபோனில் ஊதி அனுப்புகிறார். பிரமாதம் என்று சொல்ல முடியாது. ஆனால் சுருதி நிற்கிறது.

அதற்கடுத்த வருஷம்தான் உங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முப்பது வருஷம் முகத்தை மூடாமல் ஃபைபர் தேய்த்திருக்கிறீர்கள். தஞ்சாவூரில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் நுரையீரல் இரண்டும் கெட்டித்துப்போயிருக்கிறது என்றார். முதலில் நீளமான வரிகளை விட்டீர்கள். பிறகு ஒரு சுரத்தை ஊதிவிட்டு இரண்டு நிமிஷம் உட்கார்ந்தீர்கள். அப்புறம் வெறுமனே குழலை என் பக்கம் நீட்டி, "நீ ஊது, நான் கேக்குறேன்" என்றீர்கள். நாற்பது வயதுக்கு மேல் நான் ஊதக் கற்றது அப்படித்தான். பாட்டு இல்லை. ஏழு சுரம், மேலே போய்க் கீழே வரும் அளவுக்கு.

கடைசி இரண்டு மாதம் வீட்டில் ஆக்சிஜன் மெஷினோடு இருந்தீர்கள். மூக்கில் குழாய். கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த மெஷின் நாள் முழுக்க 'ம்ம்' என்று இரைந்துகொண்டிருக்கும். நீங்கள் முன்பு சேர்த்த குழலின் அளவிலேயே புதிதாகச் செய்த ஐந்து கட்டைச் சுருதிக் குழல் ஒன்றைக் கொண்டுவந்து ஊதிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டீர்கள். "எறங்கி நிக்குதும்மா" என்றீர்கள்.

"எந்தச் சுரம்ண்ணே?"

"எல்லாமே."

வீட்டுக்கு வந்து ஃபோனில் சுருதி காட்டும் செயலியை வைத்துப் பார்த்தேன். குழல் துல்லியமாக இருந்தது. இழை அளவு கூடப் பிசகில்லை. உங்களுக்குக் காதும் போய்விட்டதோ என்று நினைத்தேன். அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் உங்களைப் பார்க்க வந்தபோது நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். சும்மா உட்கார்ந்திருந்தவள், என்னவோ தோன்றி, அந்தச் செயலியைத் திறந்து ஃபோனை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதன் இரைச்சல் ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே, ஐந்தரைக்கும் கீழே நின்றது.

உங்கள் காது போகவில்லை. இருபத்துநாலு மணி நேரமும் அந்த மெஷினைச் சுருதியாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அதற்கு என் குழல் இறங்கித்தான் இருந்தது.

அன்றைக்கே வேப்பங்கட்டை ஒன்றை லேத்தில் மாட்டினேன். வழக்கமான நீளத்தில் ஏழெட்டு மில்லிமீட்டர் குறைத்து, துளைகளையும் அதே விகிதத்துக்கு நெருக்கிப் போட்டேன். ஃபோனில் பதிவு செய்துகொண்டு வந்திருந்த மெஷின் இரைச்சலை ஓடவிட்டு, அதற்கு நேராக ஊதி ஊதி, அரம் போட்டுச் சேர்த்தேன். முதல் தடவையாகத் தனியாக. இரண்டு நாள் ஆனது. மினுக்க நேரமில்லை, கடைசல் தடம் அப்படியே இருந்தது.

உங்கள் கட்டில் பக்கம் நின்று ஸ ஊதினேன். மெஷினும் குழலும் ஒன்றாகிவிட்டன. எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ரி, க என்று மேலே போனேன். அண்ணி அடுப்படியிலிருந்து வந்து நின்றார்.

"இப்ப சேருது" என்றீர்கள். கையை நீட்டிக் குழலைத் தடவினீர்கள். "பாலீஷ் போடலயா?"

"நேரமில்லண்ணே."

"போடு. நல்லாருக்கும்."

பதினோரு நாள் கழித்து நீங்கள் போய்விட்டீர்கள். வாடகை மெஷினை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் பாலீஷ் போட்டு முடித்தபோது காட்ட நீங்கள் இல்லை.

அந்தக் குழலை விற்க முடியாது. எந்தச் சுருதிப் பெட்டிக்கும் சேராது, எந்த மிருதங்கத்துக்கும் சேராது. இன்னொரு குழலோடு சேர்ந்து ஊதினால் இரண்டும் அடித்துக்கொள்ளும். அது எதற்கும் ஆகாது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

போன குறுவை சமயத்தில், அப்பாவின் பழைய முதலாளியிடம் நாங்கள் குத்தகைக்கு எடுத்திருக்கும் வயலுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன். வாய்க்காலைத் தாண்டினால் மோட்டார் கொட்டகைகளுக்கான டிரான்ஸ்ஃபார்மர் நிற்கும். பக்கத்தில் போனபோது கால் நின்றுவிட்டது. அதே 'ம்ம்'. நான் படித்த படிப்புக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மெஷினுக்குள் ஓடியதும் இதற்குள் ஓடுவதும் ஒரே கரண்ட். இரைந்தால் ஒரே சுருதியில்தான் இரையும்.

மறுநாள் சாயங்காலம் குழலை எடுத்துக்கொண்டு போனேன். நடவு முடிந்து பெண்கள் கரையேறிக்கொண்டிருந்தார்கள். டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்தப் பக்கம் வரப்பில் நின்று ஸ ஊதினேன். சேர்ந்தது, அண்ணே. ஒருத்தி என்னைப் பார்த்து, "என்னக்கா, கரண்ட்டுக்குக் கச்சேரியா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனாள்.

இப்போதும் தண்ணீர் வைக்கப் போகிற நாட்களில் அதை எடுத்துக்கொண்டுதான் போகிறேன். மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை. பாட்டு இன்னும் வரவில்லை.